இல்லமும் நலமும்: உடும்பு கடித்தால்

உடும்பு என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது அதன் பிடியேயன்றி நஞ்சு அன்று. வடநாட்டில் குடியேறிய பின்னரோ, அண்டை வீட்டார் உடும்புக் குட்டியைப் 'பிஸ்கோப்ரா' என்றழைத்து, அது தீண்டியவர் பிழையார் என அஞ்சுவதைக் காண்கிறோம். இவ்விரண்டில் எதனை நம்புவது?

உடும்பு தானாக வந்து மனிதரைக் கடிப்பதில்லை. மூலையில் மடக்கினாலோ, கையால் பிடிக்க முயன்றாலோ கடிக்கும், நகத்தால் கீறும், வாலால் அடிக்கும். உடும்பினத்தின் வாயில் நச்சுச் சுரப்பிகள் உண்டென ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயினும் மனிதர்க்குப் பெரும்பாலும் நேர்வன வலி, வீக்கம், குருதிப்போக்கு, புண் சீழ்ப்பிடித்தல் ஆகியவையே.

கவ்விய உடும்பை வெடுக்கென இழுத்தால் சதை கிழியும். கடித்தது உடும்பே என்று கண்ணால் கண்டிருப்பின், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவுக. தூய துணியால் அழுத்திக் குருதியை நிறுத்துக. பின்னர் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. முறிந்த பல் புண்ணில் தங்கியுள்ளதா என அவர் பார்ப்பார். இசிவுநோய்த் தடுப்பூசி தேவையா என ஆராய்வார். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளால் பரவுவதாகலின், உடும்புக் கடிக்கு அந்த ஊசி வேண்டுவதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புதல் தீது.

பேரிடர் வேறிடத்தில் உள்ளது. இருளில் கடித்ததைக் காணாமலே, "உடும்புதான்" என்று சொல்லி இருந்துவிடுவதே அது. உடும்புக் கடிக்குப்பின் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் உயிரிழந்ததாகச் சிம்லா மருத்துவர்கள் 2014-இல் எழுதினர். அக்குறிகள் கண்ணாடிவிரியன் கடியை ஒத்தனவென வேறு வல்லுநர் ஐயுற்றனர். அறிஞர்க்கே ஐயம் எழும் இடத்தில் நாம் துணிந்து முடிவு கட்டலாகாது. ஐயமிருப்பின் பாம்புக்கடி என்றே கொள்க. காயத்தைக் கழுவாதீர், கீறாதீர், இறுகக் கட்டாதீர், மந்திரிப்பவரைத் தேடாதீர். கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே மருத்துவமனை சேர்க. பாம்பு நஞ்சுமுறி மருந்து அங்குதான் கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றமாகும். வீட்டினுள் புகுந்தால் சிறுவரை விலக்கி, கதவைத் திறந்து, வழி விட்டு நில்லுங்கள். அது தன் வழியே போய்விடும். போகாவிடில் வனத்துறையினர்க்குச் சொல்லியனுப்புங்கள்.