அணைந்தது விளக்கா, கோளாறா?

"ஜெர்மன் கார் என்றால் இன்ஜின் விளக்கு எரியத்தான் செய்யும், எல்லாம் சென்சார் தொல்லை, ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் கோளாறு கோட்களை அழித்துவிட்டால் சரியாகிவிடும்." பழைய பி.எம்.டபிள்யூ, ஆடி வைத்திருப்பவர்கள் பலரின் வாதம் இது. சென்சார்கள் கெட்டுப்போவது உண்மைதான். அதற்கு மேல் இந்த வாதத்தில் எதுவும் தேறாது.

ஒன்று: கோட் என்பது புகார், தீர்ப்பு அல்ல. பி0171 வந்தால், பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அது எங்கே சொன்னது? இன்டேக் பக்கம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் போதும், இந்தக் கோட் வர. உள்ளதைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டைக் குழாயை விட்டுவைப்பது என்ன கணக்கு?

இரண்டு: அழித்தால் விளக்கு மட்டுமா போகிறது? கோளாறு பதிவான நேரத்து இன்ஜின் வேகம், வெப்பநிலை, லோடு எல்லாமே போகின்றன. பிறகு மெக்கானிக் எதைப் பார்ப்பார், ஜாதகத்தையா?

மூன்று: விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். இக்னிஷன் காயிலை மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு எங்கே போய் நிற்கும்?

இதில் இன்னொரு கூத்து. பி.எம்.டபிள்யூவின் இ90 வகை 3 சீரிஸ் பலவற்றில் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது; அளவைச் சொல்வது சென்சார்தான். அதையும் நம்பமாட்டீர்கள் என்றால் எதை வைத்து ஆயில் ஊற்றுவீர்கள்?

நிலையாக எரிந்தால் கோட் எண்ணைக் குறித்துவைத்துக் காரணத்தைத் தேடுங்கள். மின்னினால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.