டெண்டர் விட்டா ஆச்சா?

'அரசாங்க சாப்ட்வேர்னாலே இப்படித்தான்'னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே!

2013 அக்டோபர் 1. ஒபாமா அரசோட காப்பீட்டுத் தளம் ஹெல்த்கேர்.கவ் திறந்தாச்சு. லட்சக்கணக்கானவங்க வந்து மோதின அந்த முதல் நாள்ல காப்பீடு எடுத்து முடிச்சவங்க மொத்தம் 6 பேர்! காண்டிராக்டர்களுக்கா பஞ்சம்? 50க்கும் மேல. அத்தனை பேர் கோடையும் இணைக்கிற மேஸ்திரி வேலையைத் துறையே எடுத்துக்கிச்சு. அதுக்கான ஆளுங்கதான் அங்க இல்லை. முழுசா சோதிக்காமலே திறப்பு விழா.

அப்புறம் காண்டிராக்டர்ல ஒருத்தரை மேஸ்திரியாக்கி, வெளியிலிருந்து இன்ஜினியர்களைக் கூட்டிவந்தாங்க. ரெண்டே மாசத்துல தளம் எழுந்து நின்னுச்சு. அதே அரசாங்கம், அதே சட்டம்!

ஆக, கோளாறு 'அரசாங்க'த்துல இல்லை. கோடு படிக்கத் தெரிஞ்சவங்களைத் துறைக்குள்ள வச்சுக்காததுல. டெண்டர் ஃபைல் புரட்டுறது மட்டும் நிர்வாகம் இல்லை சாமி. பொட்டி தட்டுற நாமதான் இதை உரக்கச் சொல்லணும். நக்கலடிச்சுட்டு நகர்றது நியாயமா?