நீல அட்டை எவருக்கு உரியது?

பிரித்தானியாவில் வலுவிழந்தோருக்கு வழங்கப்படும் வாகனத் தரிப்பு அட்டை, 'புளூ பட்ஜ்' என்ற பெயரில் எம்மவர் மத்தியிலும் நன்கு அறிமுகமானதே. இங்கிலாந்தில் மாத்திரம் 25 இலட்சத்துக்கும் அதிகமானோர் இதனை வைத்திருக்கின்றனர். ஆயினும் இவ்வட்டை குறித்து எமது சமூகத்தில் நேரெதிரான இரு தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. புகலிடக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காதவர்கள், "இது அரசாங்க உதவி, கேட்டால் கேஸைப் பாதிக்கும்" என்று அஞ்சி ஒதுங்குகின்றனர். வதிவிட உரிமை பெற்றுக் காலூன்றிவிட்ட குடும்பங்களிற் சிலவோ, பெற்றோர் பெயரில் கிடைத்த அட்டையைக் குடும்பச் சொத்தாகக் கருதி வீட்டுக் காரிலேயே நிரந்தரமாக வைத்துவிடுகின்றன. முன்னவர் தமக்குரியதை இழக்கின்றனர். பின்னவர் தமக்கு உரித்தல்லாததை அனுபவித்து நீதிமன்றப் படியேறும் ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர். இவ்வட்டை எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமையே இரண்டுக்கும் காரணம்.

இத்திட்டத்தின் வேர், நாட்பட்ட நோயாளரும் வலுவிழந்தோரும் தொடர்பான 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கின்றது. அதனைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மான்செஸ்டர் விதன்ஷோ தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் அல்ஃப் மொறிஸ். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவினால் உடல் கெட்டுத் திரும்பியவர் அவரது தந்தை. போர் ஒரு வீட்டுக்குள் எதனை விட்டுச்செல்லும் என்பதை இளவயதிலேயே கண்ட ஒருவர் இயற்றிய சட்டம் இது என்பது, போரினால் இடம்பெயர்ந்த எமக்குக் கவனிக்கத்தக்க செய்தி. 1971இல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கிய திட்டம், 1998ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பரிந்துரைக்கு அமைய 2000ஆம் ஆண்டில் இன்றைய நீல நிறத்துக்கு மாறியது. நிறம் மாறியபோதும் அடிப்படை மாறவில்லை. அட்டை ஆளுக்கு வழங்கப்படுகின்றது, வாகனத்துக்கு அல்ல. எனவே சொந்தக் கார் இல்லாதவரும், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் அதனைப் பெறலாம். மகனின் காரில், அயலவரின் காரில், வாடகைக் காரிற்கூட அதனைக் கொண்டு செல்லலாம்.

புகலிடம் கோரியோரின் அச்சத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம். குடிவரவு விதிகளில் 'பொது நிதி' எனப்படுபவை பெயர் குறிப்பிட்டுப் பட்டியலிடப்பட்டுள்ளன. யூனிவேர்சல் கிரெடிட், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, கவுன்சில் வீடு, வலுவிழந்தோருக்கான 'பிப்' கொடுப்பனவு என்பன அவற்றுட் சில. நீல அட்டை அப்பட்டியலில் இல்லை. அது பணமுமல்ல, கொடுப்பனவுமல்ல. வீதியில் வாகனத்தை நிறுத்துவது பற்றி உள்ளூராட்சி சபை வழங்கும் ஒரு சலுகை, அவ்வளவே. ஆகையால் 'பொது நிதி பெறத் தகுதியில்லை' என விசாவில் எழுதப்பட்டவரும் அதற்கு விண்ணப்பிப்பதால் விசா நிபந்தனையை மீறியவராகமாட்டார்.

குழப்பம் பிறக்குமிடம் வேறு. இங்கிலாந்தில் நீல அட்டைக்கு இரு வழிகள் உள்ளன. 'பிப்' மதிப்பீட்டில் நடமாட்டத்துக்கான பகுதியில் 8 புள்ளிகள் அல்லது அதற்கு மேற்பட்டுப் பெற்றவர், அதாவது 50 மீற்றருக்கு மேல் நடக்க இயலாதவர், மேலதிகப் பரிசோதனையின்றியே அட்டை பெறுவார். பார்வையிழந்தோராகப் பதிவு செய்யப்பட்டவர்களுக்கும் அவ்வாறே. கவுன்சில் தனியே ஆராய்ந்து முடிவெடுப்பது இரண்டாவது வழி. புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்குப் 'பிப்' பெறும் உரிமையில்லை என்பதால் முதல் வழி அடைபட்டிருக்கும். அதனைக் கேள்வியுற்று, இரண்டாவது வழியும் அடைபட்டதெனத் தாமே தீர்மானித்துவிடுகின்றனர் பலர். உண்மையில் அது திறந்தேயிருக்கின்றது. (அகதி அந்தஸ்துக் கிடைத்த பின்னர் 'பிப்' வழியும் திறக்கும். ஏனையோருக்கு விதிக்கப்படும் இரண்டு வருட வதிவு நிபந்தனை அகதிகளுக்குப் பொருந்தாது.)

விண்ணப்பிக்க வேண்டியது தாம் வசிக்கும் இடத்துக் கவுன்சிலிடம். உள்துறை அமைச்சினால் வேறு நகருக்கு அனுப்பப்பட்டவர், அந்நகரின் கவுன்சிலையே அணுகவேண்டும். தேசியக் காப்புறுதி இலக்கம், இருந்தாற் கொடுக்கும்படியே கேட்கப்படுகின்றது. கடவுச்சீட்டு உள்துறை அமைச்சின் வசம் இருப்பின் பிறப்புச் சான்றிதழை அடையாளமாகக் காட்டலாம். அதுவும் ஊரோடு போயிற்றென்றால், விண்ணப்பத்தை அரைகுறையாக அனுப்பாது, கவுன்சிலின் உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே விளக்கி, எந்த ஆவணத்தை ஏற்பர் எனக் கேட்டுக்கொள்வது நன்று. இங்கிலாந்தில் அட்டைக்கான கட்டணம் 10 பவுணுக்கு மேற்படாது. ஸ்கொட்லாந்தில் 20 பவுண். வேல்ஸில் இலவசம். முடிவுக்குப் பன்னிரண்டு வாரங்களோ அதற்கு மேலோ செல்லலாம்.

கவுன்சில் தனியே ஆராயும் வழியில் எம்மவர் தோற்பது பெரும்பாலும் நோயின் குறைவினால் அல்ல, பேச்சின் குறைவினால் எனலாம். பரிசோதிப்பவர் குடும்ப வைத்தியர் அல்லர். இயன்மருத்துவர் அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்ற ஒருவர். எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எத்தனை தடவை நிற்கிறீர்கள், மூச்சு வாங்குகிறதா, வலி எப்போது தொடங்குகிறது என்று அவர் கேட்பார். 80 மீற்றருக்கு மேல் சிரமமின்றி நடப்பவருக்குப் பொதுவாக அட்டை கிடையாது. 30 மீற்றருக்கும் 80 மீற்றருக்கும் இடைப்பட்டவர் விடயத்தில் வேகம், நடையின் தன்மை, தள்ளாட்டம் என்பன எடைபோடப்படும். இவ்விடத்தில் எமது தகப்பன்மார், "பிரச்சினை இல்லை, சமாளிப்பேன்" என்று சொல்வர். பிறர் முன் இயலாமையைச் சொல்லாதிருப்பது எமது வளர்ப்பு. மொழிபெயர்க்க வந்த பிள்ளையோ, தகப்பனின் மானத்தைக் காக்க எண்ணி அதனை இன்னும் மெருகூட்டிச் சொல்லிவிடும். பரிசோதகர் எழுதுவது அவர் கேட்டதையே. வைத்தியசாலைக் கடிதங்களை மாத்திரம் நம்பாது, வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை செல்வதற்கு எத்தனை நிமிடம், எத்தனை இடத்தில் நிற்றல் என்பதை முன்பே குறித்துக்கொண்டு செல்லவேண்டும். பிள்ளையை விடுத்து வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் நல்லது. மிகைப்படுத்தவும் கூடாது. பொய்த் தகவல் தந்து அட்டை பெறுவது தண்டனைக்குரிய குற்றம்.

2019 ஆகஸ்ட் 30ஆம் திகதி இங்கிலாந்தில் அமுலுக்கு வந்த மாற்றம் எமக்கு விசேடமாகப் பொருந்துவது. அதுவரை நடையை மாத்திரம் அளந்த விதிகள், அன்றிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத குறைபாடுகளையும் கருத்திற் கொள்கின்றன. பயணத்தின்போது கடும் உளப் பதகளிப்புக்கு ஆளாவோரும், வாகனங்களிடையே தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலையில் உள்ளோரும் விண்ணப்பிக்கலாம். சித்திரவதையாலோ ஷெல்லடியாலோ உளம் சிதைந்தவர்களுக்கும், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றோருக்கும் இது பெரிய வாய்ப்பு. புகலிட வழக்குக்காகத் தயாரிக்கப்பட்ட மருத்துவ அறிக்கை கைவசமிருப்பின் இங்கும் அதனைச் சான்றாக வைக்கலாம். ஆயினும் விதிகளில் ஒரு விசித்திரம் உண்டு. கடும் உளவேதனையினால் எப்பயணமும் மேற்கொள்ள இயலாதவருக்குப் 'பிப்' மதிப்பீட்டில் கிடைக்கும் 10 புள்ளிகள் தாமாகவே அட்டையைத் தரும். அதே பகுதியில் 12 புள்ளிகள் பெற்றவருக்கு அவ்வாறு கிடைக்காது. அவர் கவுன்சிலின் ஆராய்வுக்கே செல்லவேண்டும். கூடிய புள்ளி பெற்றவரைக் கூடிய தூரம் அலைக்கழிக்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் அதனைத் திருத்தியிருக்க வேண்டும்.

கால் முறிந்து சில மாதங்களிற் குணமாவோருக்கு இங்கிலாந்தில் அட்டை இல்லை. பாதிப்பு மூன்று வருடங்களாவது நீடிக்கும் என எதிர்பார்க்கப்படவேண்டும். நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கெனச் சட்டபூர்வமான மன்று எதுவுமில்லை. காரணத்தை எழுத்தில் பெற்று, மீளாய்வு செய்யும்படி கவுன்சிலைக் கேட்கவேண்டும். நடைமுறை பிழைத்திருப்பின் உள்ளூராட்சிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

'பிப்' மீது தங்கியிருப்பது எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்வியும் எழுந்துள்ளது. 2025 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட சீர்திருத்த யோசனைகள் நாளாந்த வாழ்வுக்கான பகுதியையே குறிவைத்தன, நடமாட்டப் பகுதியை அல்ல. தொழிற்கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பினால் ஜூலை மாதம் அவை கைவிடப்பட்டு, முழு மதிப்பீட்டு முறையையும் ஆராயும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் ரிம்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. எம்மவர் செறிந்து வாழும் ஈஸ்ட்ஹாம் தொகுதியின் உறுப்பினர் அவர். தம் பிரதிநிதிக்கு எழுதுவதில் எம்மவர் காட்டும் அசட்டை, இவ்விடயத்தில் தொடரக்கூடாது.

இனி இரண்டாவது தவறுக்கு வருவோம். அட்டைக்குரியவர் வீட்டில் இருக்க, அவருக்கு மருந்து வாங்கவே சென்றாலும், மகன் அட்டையை வைத்து வாகனத்தை நிறுத்துவது குற்றம். அவரை ஏற்றவோ இறக்கவோ செல்கையில் மாத்திரம் அனுமதியுண்டு. அவரைக் காருக்குள் இருத்திவிட்டு ஏனையோர் கடைக்குச் செல்வதைச் சட்டம் நேரடியாகத் தடுக்காவிடினும், தேவையுள்ள இன்னொருவரின் இடத்தை அடைப்பதாகவே அது முடியும். அட்டையின் பின்புறத்தில் உரியவரின் படமும் பெயரும் உள்ளன. சோதனை உத்தியோகத்தர் கேட்டாற் காட்டியேயாகவேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறைகேடாகப் பயன்படுத்தப்படும் அட்டையை அவ்விடத்திலேயே பறிமுதல் செய்யலாம். மகன் செய்த பிழைக்குத் தாய் அட்டையை இழந்து வீட்டில் அடைபடுவார்.

தண்டப்பணம் 1,000 பவுண் வரை செல்லும். எமக்கு அதனினும் பாரதூரமானது வேறொன்று. மஞ்சள் கோட்டில் நிறுத்தியதற்காகக் கவுன்சில் ஒட்டும் சாதாரண ரிக்கற் ஒரு குற்றத் தீர்ப்பல்ல. நீல அட்டையை முறைகேடாகப் பயன்படுத்தியதற்காக நீதிமன்றம் விதிப்பது குற்றத் தீர்ப்பாகும். பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் அதனைக் குறிப்பிட்டேயாகவேண்டும். நன்னடத்தையை ஆராய்பவர்கள் அதனைக் கணக்கிலெடுப்பர்.

நேர்மையாகப் பயன்படுத்துவோரும் வழுக்குமிடங்கள் சில. இங்கிலாந்தில் மஞ்சள் கோடுகளில் மூன்று மணித்தியாலம் நிறுத்தலாம். ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் கடிகார அட்டையையும் வைக்கவேண்டும். நடைபாதை ஓரத்தில் மஞ்சட் கீறல்கள் இருப்பின் அங்கே நிறுத்தவே கூடாது. லண்டன் சிற்றி, வெஸ்ட்மினிஸ்ரர், கென்சிங்ரன்-செல்சி ஆகியவற்றிலும் கம்டனின் தென்பகுதியிலும் இச்சலுகைகள் பொருந்தா. அங்கே தனி விதிகள். சுப்பர்மார்க்கெற் போன்ற தனியார் தரிப்பிடங்களில் உரிமையாளர் வைத்ததே சட்டம். லண்டன் நெரிசல் கட்டண விலக்கும் தானாக வராது, முன்கூட்டிப் பதிவு செய்யவேண்டும். புகை வலயக் கட்டணத்துக்கு இவ்வட்டை மட்டும் விலக்கு அளிப்பதில்லை.

உரியவர் இறந்துவிட்டால் அட்டை செல்லுபடியாகாது, கவுன்சிலுக்குத் திருப்பியனுப்பப்பட வேண்டும். திகதி இன்னும் இரண்டு வருடம் இருக்கின்றது என்பது காரணமாகாது. அந்தியேட்டி முடிந்து அப்பாவின் கடதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது, காரின் முன்கண்ணாடியோரத்தில் கிடக்கும் அந்த அட்டையையும் எடுத்து அனுப்பிவிட வேண்டும்.