கடற்கரை ஏர் ஷோ: பழைய ஜெட்களின் சாகசத்துக்கு பிரிட்டன் கடிவாளம் போட்டது ஏன்?

கோடை வந்தால் பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் ஏர் ஷோ களைகட்டும். இரண்டாம் உலகப்போர் காலத்து ஸ்பிட்ஃபயர் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனால், தாத்தா முதல் பேரன் வரை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால், இந்த ரசனைக்குப் பின்னால் ஒரு பெரிய துயரமும் இருக்கிறது.

என்ன நடந்தது?

2015 ஆகஸ்ட் 22. ஷோர்ஹாம் ஏர் ஷோவில், 1955-ல் தயாரான ஹாக்கர் ஹண்டர் ஜெட், வானில் குட்டிக்கரணம் அடித்தபோது ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் பலி.

காரணம்?

வேகமும் குறைவு, உயரமும் குறைவு என்றது 2017-ல் வந்த விசாரணை அறிக்கை. குற்ற வழக்கில் விமானி 2019-ல் விடுதலையானார். ஆனால், 2022-ல் மரண விசாரணை அதிகாரி, இவை சட்டவிரோத மரணங்கள் என்றார்.

என்ன மாறியது?

விபத்து நடந்த சில நாட்களிலேயே, நிலத்துக்கு மேல் பழைய ஜெட்கள் சாகசம் செய்யத் தடை வந்தது. அப்போது நேராகப் பறந்து போக மட்டுமே அனுமதி இருந்தது, அவ்வளவுதான்.

கடல் என்றால் பாதுகாப்பா?

ஓரளவுக்கு. கடலில் சாலை இல்லை, வீடு இல்லை. 2021-ல் போர்ன்மத் விழாவில் பங்கேற்ற பழைய இருதள விமானம் ஒன்று அருகிலுள்ள பூல் துறைமுக நீரில் இறங்கியது. இருவரும் தப்பினர்.

ஷோர்ஹாமில் இறந்த 11 பேரும் மைதானத்துக்கு வெளியே இருந்தவர்கள். டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு மட்டும் பாதுகாப்பு வளையம் போட்டால் போதாது என்பதுதான் இதில் பாடம்.