காசு கொடுத்து வாங்கிய மத்தியானம்

போன மே மாதம் பாலித் தீவுக்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தோம். நான், மனைவி, மகள், மைத்துனன், அவன் சம்சாரம் என்று ஐந்து பேர். எங்கேயும் ஓடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கிளம்பும்போது பேசிக்கொண்டது. பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய தாளிலும் ஒரு நாளுக்கு இரண்டே வரிகள்: காலையில் வயல்வரப்பில் நடை, மத்தியானம் கைவேலை.

அங்கே போகும் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 1,50,000 ருபியா கட்ட வேண்டும். தீவின் பண்பாட்டையும் இயற்கையையும் காப்பதற்கென்று 2024 முதல் வாங்குகிறார்கள். லட்சத்தைக் கேட்டதும் மைத்துனன் பதறிவிட்டான். கணக்குப் போட்டால் நம் காசில் ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு தீவையே காப்பாற்ற ஆயிரம் ரூபாய் மலிவுதான் என்று சிரித்துக்கொண்டு கட்டினோம். எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வார வீட்டுக்கு ஐந்நூறு கேட்டு வந்தவர்களை ‘அடுத்த மாசம் பாக்கலாம்’ என்று திருப்பி அனுப்பியவர்களும் நாங்கள்தான். அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை.

தங்கிய விடுதி வயல்களுக்கு நடுவில். நீச்சல் குளம் இருந்த இடமும் முன்பு வயலாகத்தான் இருந்திருக்கும்; வாய்க்கால் அதைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் நாள் ராத்திரி தவளைச் சத்தம் தாங்கவில்லை என்று மைத்துனன் வரவேற்பறையில் போய்ப் புகார் சொன்னான். அவர்கள் பாவம், தவளையை என்ன செய்வார்கள்? அந்த வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் உழவர் சங்கத்துக்கு ‘சுபக்’ என்று பெயர். யார் வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு என்பதை எல்லோரும் கூடித் தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் பிரிகிற இடங்களில் அதற்கென்று கோயிலும் உண்டு. 2012இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வரப்பில் நடந்தபடி வழிகாட்டி இதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டினேன். எங்கள் ஊரிலும் ஆளனுப்பி மடை திறந்து முறைவைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சினார்கள். அந்த வேலை பார்த்தவரின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் வயலை விற்று இருபது வருஷம் ஆகிறது.

மூன்றாம் நாள் கிழக்கே கரங்கசெம் பக்கம், தெங்கனான் என்ற பழைய கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாவு, ஊடை இரண்டிலும் தனித்தனியே முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி நெய்கிற ‘கெரிங்சிங்’ துணிக்குப் பேர்போன ஊர். ஒரு துணி முடிய வருஷக்கணக்கில் ஆகுமாம். பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் வெயிலுக்கு ஒதுங்கி ஒரு திண்ணையில் ஏறினேன். அங்கே ஒருவர் தாழ்ந்த மேசை முன்னால் சம்மணம் போட்டு ஓலையில் கீறிக்கொண்டிருந்தார்.

பனையோலை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ‘லோந்தார்’ என்றார் அவர். ரொன் என்றால் ஓலை, தால் என்றால் பனை. ரொன்தால் முன்பின்னாக மாறி லோந்தார் ஆயிற்றாம். தாலம் என்றால் பனை என்று நம் அகராதியிலும் இருக்கிறது. இதெல்லாம் அறைக்குத் திரும்பியபின் தேடிப் படித்தது. அந்த நேரத்தில் எனக்கு ஆச்சி வீட்டு முற்றத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அவர் கையில் இருந்தது நம் எழுத்தாணி போல ஊசிமுனை இல்லை. சிறு கத்தி மாதிரி அலகு. வலது கை பிடித்திருக்க, இடது கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ளித் தள்ளிக் கொடுக்கிறது. கீறி முடித்தபோது ஓலையில் ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் கெமிரி என்கிற எண்ணெய்க் கொட்டையைச் சுட்டுக் கருக்கி வைத்திருந்தார். அதை ஓலைமேல் அழுத்தித் தேய்த்தார். ஓலை முழுக்கக் கரி. பிறகு துணியால் ஒரு துடை. மேலே இருந்த கரியெல்லாம் போக, கீறலுக்குள் இறங்கியது மட்டும் நின்று என் மகளின் பெயராக எழுந்து வந்தது. மகள் கை தட்டினாள். நம் பக்கம் கரியும் மஞ்சளும் பச்சிலைச் சாறும் தடவுவார்கள், அதற்கு மையாடல் என்று பெயர் என்று அவளுக்குச் சொன்னேன். புத்தகத்தில் படித்ததுதான், நேரில் நான் பார்த்ததில்லை.

அடுத்து என் முறை. ஐந்து எழுத்துக் கீற ஒன்றரை மணி நேரம் ஆனது. கை நடுங்கி ஓலை இரண்டு தடவை கிழிந்தது. ஓலையைப் பக்குவப்படுத்துவது பெரிய வேலை என்று ஓட்டுநர் மொழிபெயர்த்துச் சொன்னார்: காயவைத்து, ஊறவைத்து, மூலிகையோடு அவித்து, மறுபடி காயவைத்து, மரச்சட்டத்தில் மாதக்கணக்கில் இறுக்கி வைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓலையை இரண்டு தடவை கிழித்தும் அவர் முகம் சுளிக்கவில்லை. மனைவி பின்னால் வந்து நின்று, “இவ்வளவு நேரம் நீங்க அசையாம உக்காந்து நான் பார்த்ததே இல்லையே” என்றாள்.

எழுதி முடித்ததும் அவர் கேட்டார். உங்கள் ஊரில் இந்த மரம் உண்டா? உண்டு. இதில் எழுதுவீர்களா? எழுதினோம். உங்கள் தாத்தா வைத்திருந்த ஏடு வீட்டில் இருக்கிறதா?

“இருக்கிறது” என்றேன்.

பொய். தாத்தா நாட்டு வைத்தியர். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அவருடைய தாத்தா காலத்து வாகடச் சுவடி ஒரு கட்டு வீட்டில் இருந்தது. மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிறு சுற்றி உத்திரத்தில் தொங்கும். சரஸ்வதி பூஜைக்குக் கீழே இறங்கி, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுநாள் மேலே ஏறிவிடும். எனக்கு விவரம் தெரிந்து அந்தக் கயிற்றை யாரும் அவிழ்த்ததில்லை. “அதுல புள்ளியே கிடையாது, நம்மால வாசிக்க முடியாது” என்பார் அப்பா. வாசிக்கத் தெரிந்த தாத்தா பத்து வருஷம் அதே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போனோம், வந்தோம். இதை எப்படி வாசிக்க என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தாத்தா போன பிறகு, 1991இல் ஓட்டு வீட்டை இடித்து மச்சு கட்டினோம். உத்திரம் இறங்கியதும் கட்டை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. லைப்ரரியில் கொடுக்கலாம் என்றார் பெரியப்பா. சாமி மாதிரி இருந்ததை வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது என்றார் சித்தப்பா. யாருக்கும் அதற்குமேல் யோசிக்க நேரமில்லை, கொத்தனார் காத்துக்கொண்டிருந்தார். ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் விட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. எடுத்துக்கொண்டு போனவன் நான்.

சைக்கிள் கேரியரில் கட்டித் தாமிரபரணிப் படித்துறைக்குக் கொண்டுபோனேன். அப்போதாவது கயிற்றை அவிழ்த்து ஓர் ஏட்டைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தண்ணீரில் விட்டதும் கட்டு முழுகவில்லை. மரச்சட்டம் மேலே தெரிய மிதந்து போயிற்று. எவ்வளவு தூரம் போனதென்று தெரியாது. கல்லூரிக்குத் திரும்ப சாயங்காலம் பஸ் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதை எனக்குப் பள்ளியிலேயே தெரியும். கரிவலம்வந்தநல்லூருக்கு அவர் போனபோது, அங்கிருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதை அவரே எழுதியிருக்கிறார். அதைப் பற்றிக் கட்டுரைப் போட்டியில் கொதித்து எழுதி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால், 1943இல் தொடங்கிய உ.வே.சா. நூலகம் எல்லாம் 1991இலும் இருந்தன. ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் போதும். எந்தப் படையெடுப்பும் கரையானும் அந்தக் கட்டைத் தொடவில்லை. நாங்கள்தான்.

ஏடு கிடக்கட்டும், அதையாவது வாசிக்கத் தெரியாது என்றோம். ஆச்சி முடைந்த பெட்டிக்கு என்ன சாக்கு? முற்றத்து வேப்பமர நிழலில் கால்நீட்டி உட்கார்ந்து கடகப்பெட்டி, நார்ப்பெட்டி, கருப்பட்டிக்குக் கொட்டான், எங்களுக்குக் கிலுகிலுப்பை என்று முடைந்துகொண்டே இருப்பாள். பெட்டிக்கு அடி போடும்போது குறுக்கும் நெடுக்குமாக வைத்த ஓலைகள் நழுவாமல் அமுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். “ஏல ராசா, செத்த நேரம் இதப் பிடியேன்” என்று கூப்பிடுவாள். “படிக்கணும் ஆச்சி” என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போவோம், நானும் பெரியப்பா மக்களும். ஆச்சி இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாள். அம்மிக்குழவியை உருட்டி வந்து ஓலைமேல் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவாள்.

பிறகு ஒரு வருஷம் திருச்செந்தூர் திருவிழாவில் பிளாஸ்டிக் கூடை நாலு வாங்கி வந்தோம். ஆச்சிக்கு இனிக் கஷ்டம் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினோம். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கூடையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். பதநீரை ஓலைப்பட்டையில் குடித்தால் சட்டையில் ஒழுகுகிறது என்று டம்ளருக்கு மாறினோம். போன வருஷம் தங்கை மகள் கல்யாணத்துக்குத் தென்னங்குருத்துத் தோரணம் வேண்டுமா என்று பந்தல்காரர் கேட்டார். காய்ந்துவிடும், பிளாஸ்டிக்கே கட்டுங்கள் என்றது நான். அதே நான்தான் பாலியில் வாசலுக்கு வாசல் நின்று, குருத்தோலையில் முடைந்த குட்டித் தட்டுகளைப் படம் எடுத்தேன். ‘சானாங் சாரி’ என்று பெயர். பூ வைத்து, ஊதுபத்தி வைத்து, தினமும் சாமிக்குப் படைக்கிறார்கள்.

அதற்காகப் பாலியைச் சொர்க்கம் ஆக்க மாட்டேன். விடுதியில் எங்களுக்குச் சமைத்த அம்மா விடியற்காலையில் அந்தத் தட்டுகளைச் செய்வதைப் பார்த்தேன். மூங்கில் ஈர்க்கு குத்துகிற இடத்தில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்து, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், நேரமில்லையாம். ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு வேண்டும் என்று முதல் நாள் ராத்திரி சொல்லி வைத்தது நாங்கள்தான். அங்கும் தாத்தாவின் லோந்தாரைப் புனிதம் என்று பயந்து, திறக்காமலே வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். 2016 முதல் பாலி மொழிப் பணியாளர்கள் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய்க் கட்டைப் பிரித்து, துடைத்து, என்ன நூல் என்று பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறார்கள். 210 நாளுக்கு ஒரு தடவை அவர்களுக்கும் சரஸ்வதி பூஜை வருகிறது. அன்றைக்கு அவர்களும் ஏட்டைப் படிப்பதில்லை. ஆனால் மற்ற நாட்களில் கூடி உட்கார்ந்து, ஒருவர் ஏட்டைப் பாட இன்னொருவர் பொருள் சொல்கிற வழக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு எல்லா நாளும் பூஜை நாளாகவே இருந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அடுத்த தெருவில் இன்னொரு வைத்தியர் வீட்டில் இரண்டு கட்டு இருப்பதாகப் பெரியம்மா சொன்னாள். போய்க் கேட்டோம். பரணில் சாக்குக்குள் இருந்தது. ஒன்று பாதி செல்லரித்திருந்தது. மற்றதை மகளும் அந்த வீட்டுப் பையனும் புல்தைலம் தொட்டுத் துடைத்து ஏடு ஏடாகப் படம் எடுத்தார்கள். முதல் ஏட்டில் சுக்கு என்ற சொல்லை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது. நூலகத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறோம்.

ஊரில் இப்போது பெட்டி முடையத் தெரிந்தவர் பெரியம்மா ஒருத்திதான். மாமியாரிடம் கற்றுக்கொண்டது. குருத்து வெட்ட ஆளில்லாமல் அவளும் நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகிறது. நுங்கு வெட்டுகிற பையனைப் பிடித்து இரண்டு குருத்து இறக்கினேன். நிழலில் உலர்த்தி, வகிர்ந்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அடி போடத் தொடங்கியவள், நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒனக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?”

“இன்னைக்கு இல்ல பெரியம்மா.”

ஓலைமேல் இருந்த அம்மிக்குழவியை ஓரமாக நகர்த்தினாள். “அப்பம் இந்த மூலையப் பிடி.”