வேலியோரத்துக் கார்த்திகைப் பூ

கார்த்திகை பிறந்ததும் யாழ்ப்பாணத்து வேலிகளிலே தீக்கொழுந்துபோல மலர்ந்து நிற்கும் பூவை அறியாதார் நம்மில் அரியர். செங்காந்தள் என்று பழந்தமிழர் போற்றியதும், கலப்பைக் கிழங்கு என்று வைத்தியர் வழங்குவதும் இக்கொடியையே. அரும்பிற் பசுமையாகவும், விரிகையில் மஞ்சளாகவும், முதிர்கையிற் செம்மையாகவும் அதன் ஆறு இதழ்களும் நிறம் மாறுகின்றன.

சென்ற ஆண்டு மாசியில் எமது வளவின் வேலியைத் திருத்தினோம். கொடி காய்ந்து மறைந்திருந்தமையாற் பட்டுப்போயிற்று எனக் கருதி, கதியால்களின் அடிமண்ணைக் கிளறுவித்தோம். அன்று மாலை அயல்வீட்டுச் சிறுவன் அம்மண்ணிற் கிடந்த கிழங்கொன்றைக் கையில் ஏந்தி வந்து, "ஐயா, இது வற்றாளங்கிழங்கோ? அம்மாவிடம் அவிக்கக் குடுக்கட்டோ?" என்று வினவினான். எமது நெஞ்சு நடுங்கிவிட்டது.

இச்செடியின் எல்லா உறுப்புகளிலும் கொல்கிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. அவித்தாலும் அந்நஞ்சு நீங்காது. உண்டவருக்குச் சில மணி நேரத்தின் பின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உயிருக்கே மோசம் வருதலும் உண்டு. ஆதலின் உண்டது தெரிந்தவுடனே, குறி தோன்றுமுன், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

பிழை கொடியினதன்று, எம்முடையதே. கோடையில் அது சாவதில்லை, உறங்குகின்றது. தண்டும் இலையும் கருகிய பின்னும் கலப்பை வடிவான கிழங்கு மண்ணுள் உயிரோடிருக்கும். ஐப்பசி மழை கண்டதும் அதன் நுனியிலுள்ள முளை எழும். அந்நுனி முறிந்தாற் கிழங்கு வீணாகும். உறங்குங் காலத்தில் நீர் ஊற்றினால் அழுகிவிடும். நீர் வடியும் மண்ணும், நல்ல வெயிலும், இலைநுனிச் சுருளாற் பற்றி ஏறக் கிளுவையோ பூவரசோ இருப்பின் அதற்குப் போதும்.

முறியாத மூன்று கிழங்குகளைக் கிணற்றடிக்கு அப்பால், சிறுவர் விளையாடாத மூலையில் மீண்டும் புதைத்தோம். ஐப்பசியில் இரண்டு முளைத்தன. முதற் பூவை அச்சிறுவனுக்கே காட்டினோம். கிழங்கின் தன்மையையும் உரைத்தோம்.

வேலியை நீக்கி மதில் எழுப்பும் அன்பர்களே, மண்ணைக் கிளறுமுன் அங்கே உறங்குவது யாதென்று ஒருகால் எண்ணிப் பாருங்கள்.