தீக்குச்சி அவருடையது, மூட்டை எங்களுடையது

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டபோது தென்சென்னை மூக்கைப் பொத்திக்கொண்டது. மறு வருடம் மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம். அங்கே புகை அடங்க ஏறக்குறைய இரண்டு வாரம். அவையெல்லாம் செய்தியாயின. எங்கள் தெருமுனையில் விடிகாலை ஐந்தரைக்கு எரியும் சின்னக் குவியல் செய்தியாவதில்லை. அதற்காகத்தான் தெருக்காரர்களாகிய எங்களின் இந்த இயக்கம்.

அந்தக் குவியலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மேலே வேப்பஞ்சருகு. உள்ளே முடிச்சுப் போட்ட கேரி பேக்; அதற்குள் நேற்றைய சாம்பார் சாதம், வாழைப்பழத் தோல், பிள்ளையின் டயாப்பர், அறுந்த ஒயர். சருகு நிமிஷத்தில் எரிந்துவிடும். மற்றதெல்லாம் ஈரம், மதியம் வரை கனன்று புகையும். வினையே அந்தக் கனலில்தான். 200 முதல் 450 டிகிரி வரையிலான அரைவேக்காட்டுச் சூட்டில், பிவிசி போலக் குளோரின் உள்ள பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு பிறக்கிறது. சாம்பலோடு புல்லில் படிந்து, மேய்ந்த மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலாக நம் வீட்டுக்கே திரும்புகிறது.

தீ வைப்பவர் கையைப் பிடிக்க நாங்கள் கூடவில்லை. துடைப்பத்தோடு நின்ற தூய்மைப் பணியாளர் அக்காவிடம் ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டோம். “வண்டி மூணு நாளா வரல தம்பி. மேஸ்திரி வர்றதுக்குள்ள இடம் சுத்தமா இருக்கணும். இத நான் எங்க கொண்டு போவேன்?” இருமிக்கொண்டேதான் சொன்னார்.

ஆகவே, சமையலறைக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் இனி ஒரே பையில் போட மாட்டோம். சருகு தெருவை விட்டுப் போகாது. பூங்கா மூலையில் கம்பிவலை கட்டி மக்க வைப்போம். பாம்பு வரும் என்பார்கள். குப்பைமேட்டுக்கு வராத பாம்பா? போகிக்கு டயர் எரிப்பதும் கிடையாது. எங்கள் பாட்டி எரித்தது கிழிந்த கோரைப்பாயைத்தான்.

குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016லேயே தடை செய்துவிட்டன. அந்த டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதத் தொகையும் சொல்லிவிட்டது. அது துடைப்பம் பிடித்தவர் தலையில் விழ விடமாட்டோம். எரிந்த இடத்தைப் படம் எடுப்போம். தொழிலாளி முகம் அதில் இருக்காது. வண்டி வராத நாட்களைக் குறித்து, திங்கள்தோறும் வார்டு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்குவோம்.

வரும் திங்கள் முதல் தாள். அதில் மூன்று நாள் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.